பஞ்சிப் பெடியன் எண்டு ஆர் சொன்னது? – ரீச்சரைக் கேளுங்கோ

கேள்வி: ரீச்சர், என்ர மகன் தரம் 4. கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டேலாது, சைக்கிள் செயின் கழண்டால் தானே போட்டுவிடுவான், கடைக்கு விட்டால் மிச்சக்காசு ஒரு ரூபா பிழையாமல் கொண்டுவருவான். ஆனால் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் அழுகைதான். சொல்வதெழுதல் பத்துக்கு ரெண்டு. வகுப்பு ரீச்சர் "பஞ்சிப் பெடியன், வீட்டிலை செல்லம் கூடிப்போச்சு" எண்டுறா. ரொறன்ரோவிலை இருக்கிற மச்சாள் ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸப்பிலை எடுத்து "அவனுக்கு அசெஸ்மென்ட் செய்வியுங்கோ, இஞ்சை பள்ளிக்கூடத்துக்கே சைக்கோலஜிஸ்ட் வந்து செய்யிறவ" எண்டு சொல்லுறா. இவர் அதைக் கேட்டிட்டு "என்ர பிள்ளைக்கு என்ன விசரோ" எண்டு சத்தம் போடுறார். அடுத்த வருசம் தரம் 5 ஸ்கொலஷிப் சோதினை வேறை. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. – ஒரு தாய், கொக்குவில்

பதில்: தங்கச்சி, முதலிலை அவரிட்டைச் சொல்லுங்கோ, இதுக்கும் விசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மருந்து எழுதுறவர் மனநல டொக்டர், அவர் வேறை ஆள். மச்சாள் சொல்லுற சைக்கோலஜிஸ்ட், அதாவது கல்வி உளவியலாளர் எண்டுறவை, மருந்தும் தாறேல்லை, ஊசியும் போடுறேல்லை, பிள்ளையோடை மேசையிலை இருந்து அவன் எப்பிடிப் படிக்கிறான், எந்த இடத்திலை தடக்குப்படுறான் எண்டு பாக்கிறவை. அவ்வளவுதான்.

உங்கட கடிதத்திலை எனக்குப் பிடிச்சது அந்த மிச்சக்காசு. எல்லாப் பாடத்திலையும் எல்லா வேலையிலையும் ஒரே மாதிரிப் பின்னுக்கு நிக்கிற பிள்ளை ஒரு மாதிரி, மனக்கணக்கிலை பிழைவிடாமல் சொல்வதெழுதலிலை மட்டும் விழுகிற பிள்ளை வேறை மாதிரி. பஞ்சி எண்டால் கணக்கிலையும் பஞ்சி வரோணும் எல்லோ? சைக்கிள் செயின் போடுறதுக்கு மட்டும் எப்பிடிப் பஞ்சி போகும்?

ஆனால் சைக்கோலஜிஸ்டைத் தேடி ஓட முதல் காதையும் கண்ணையும் பாருங்கோ. இது சின்ன விசயம் எண்டு நினைக்காதேங்கோ, அடிக்கடி தடிமன் பிடிச்சுக் காதுக்குள்ளை நீர் கட்டுற பிள்ளைக்கு "க்" உம் "ப்" உம் ஒரே சத்தமாத்தான் கேக்கும், அது பிறகு கொப்பியிலை பிழையா வரும். சுகாதார வைத்திய அதிகாரியின்ர ஆக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளையளைப் பாக்கிறவை, இவன் தரம் 4 தானே, பாத்தாச்சோ எண்டு கேளுங்கோ, பாத்திருந்தாலும் ஒருக்கால் கண் கிளினிக்குக்கும் காது கிளினிக்குக்கும் காட்டுங்கோ.

இனி அந்த அசெஸ்மென்டிலை என்ன நடக்கும் எண்டு சொல்லுறன். முதல் நாள் பெரும்பாலும் உங்களோடை கதைதான். பிள்ளை எப்ப கதைச்சவன், எப்ப நடந்தவன், பிறக்கேக்கை ஏதும் கரைச்சலோ, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ, குடும்பத்திலை வேறை ஆருக்கும் வாசிக்கக் கஷ்டம் இருந்ததோ எண்டு கேப்பினம். கடைசிக் கேள்வி முக்கியம், ஏனெண்டால் வாசிப்புக் கஷ்டம் குடும்பத்துக்குள்ளை இறங்கி வாறது கனக்க. அவர் சத்தம் போடுறார் எண்டு எழுதியிருக்கிறியள், அவர் சின்னனிலை எப்பிடி வாசிச்சவர் எண்டு மாமியிட்டை ஆறுதலா ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. நான் ஒண்டும் சொல்லேல்லை, கேட்டுப் பாருங்கோ.

பிறகுதான் ரெஸ்ட். கனபேர் உலகம் முழுக்கப் பாவிக்கிறது வெக்ஸ்லர் எண்டவற்ற ரெஸ்ட், 6 வயசிலையிருந்து 16 வரைக்கும், இப்பத்தைய ஐந்தாம் பதிப்பு 2014 இலை வந்தது. சொற்களை விளங்கிறது, கட்டையளை அடுக்கிறது, படத்திலை ஒழுங்கு பிடிக்கிறது, இலக்கங்களைக் கேட்டு அப்பிடியே திருப்பிச் சொல்லுறது பிறகு பின்னாலையிருந்து சொல்லுறது, கெதியாக் குறி போடுறது எண்டு துண்டு துண்டா இருக்கும். அந்தந்த வயசுப் பிள்ளையளின்ர சராசரி 100 எண்டு வைச்சு, 85 க்கும் 115 க்கும் இடையிலை நூறு பேரிலை ஏறக்குறைய 68 பேர் வருவினம். வெளியிலை வாறவை எல்லாரும் அந்த ஒரு நம்பரைத்தான் கேப்பினம், "எத்தினை, எத்தினை" எண்டு, ஸ்கொலஷிப் கட் ஓவ் மாதிரி. நல்ல ஆள் எண்டால் அந்த நம்பரை விட்டிட்டுத் துண்டுகளைத்தான் உங்களுக்கு விளங்கப்படுத்துவா. விளங்கிறது நல்லாயிருக்கு, ஆனால் கேட்டதை ஒரு நிமிசம் மனசிலை பிடிச்சு வைச்சிருக்கிறது குறைவு எண்டு வந்தால், உங்கட மகனுக்குச் சொல்வதெழுதல் ஏன் சித்திரவதையாயிருக்கு எண்டு அந்த இடத்திலையே விளங்கிடும், ரீச்சர் மூண்டாவது சொல்லைச் சொல்லேக்கை அவன்ர மண்டையிலை முதலாவது சொல் கரைஞ்சு போயிருக்கும்.

இதிலை ஒரு கொழுக்கி இருக்கு. அந்த ரெஸ்ட் அமெரிக்கப் பிள்ளையளை வைச்சுத்தான் அளவு எடுத்தது. கொக்குவில் பெடியனுக்கு அதைத் தமிழிலை மொழிபெயர்த்துக் கேட்டிட்டு அமெரிக்க அட்டவணையிலை மார்க்ஸைப் பாத்தால், எங்கட ஊர்த் தையல்காரன் வெள்ளைக்காரன்ர அளவிலை காற்சட்டை தைச்ச கதைதான். அதாலை ரெஸ்ட் செய்யிறவ தமிழ்ப் பிள்ளையளோடை வேலைசெய்த ஆளோ, தமிழிலை வாசிக்க வைச்சுப் பாத்தவவோ எண்டு கேக்கிறதுக்கு வெக்கப்படாதேங்கோ. இங்கிலீசிலை வாசிக்க வைச்சிட்டு ரிப்போர்ட் தந்தால் அந்தக் கடுதாசியாலை உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

தமிழ் வாசிப்புக்கு எண்டு ஒரு தனிக் கதை இருக்கு. இங்கிலீசிலை எழுத்து ஒண்டு சத்தம் வேறொண்டு, அதாலை அங்கத்தைப் பிள்ளையள் பிழை பிழையா வாசிப்பினம். தமிழிலை எழுத்தைக் கண்டால் சத்தம் அநேகமாப் பிடிபடும், அதாலை கஷ்டப்படுற பிள்ளை பிழைவிடுறதை விட மெதுவா, எழுத்து எழுத்தா, மூச்சு வாங்கி வாசிக்கும், வசனம் முடியேக்கை தொடக்கம் மறந்துபோயிருக்கும். "பழம்" எண்டுறதை "பளம்" எண்டு எழுதினால் பயப்படாதேங்கோ, யாழ்ப்பாணத்திலை நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே கதைக்கிறம், காதிலை கேட்டதை எழுதியிருக்கு. எழுத்தோடை ஒட்டுற அரவு, விசிறி, கொம்பு எண்ட குறியள் விடுபடுறதோ, "கொக்கு" எண்டதிலை கொம்பு முன்னுக்கு நிக்குது சத்தம் பின்னுக்கு வருது எண்ட சிக்கலிலை தரம் 4 வந்தும் தடுமாறுறதோ எண்டால் அதைக் குறிச்சு வையுங்கோ.

வீட்டிலை ஒண்டு செய்து பாருங்கோ. படம் உள்ள பக்கத்தை எடுத்து, படத்தை உங்கட கையாலை மூடிக்கொண்டு வாசிக்கச் சொல்லுங்கோ. நான் ஒருக்கால் ஒரு பெடியனுக்கு அப்பிடி மூடினன், அதுவரைக்கும் "மாடு தண்ணி குடிக்குது" எண்டு கடகடவெண்டு சொன்னவன் என்ர கையைத் தள்ளிப்போட்டுப் படத்தைப் பாக்கப் பாத்தான். புத்தகத்திலை இருந்தது "பசு நீர் அருந்துகிறது". அவன் நாலு வருசமா வாசிக்கேல்லை, படத்தைப் பாத்துக் கதை சொல்லியிருக்கிறான், ஒருத்தரும் பிடிக்கேல்லை. மொக்கனாலை செய்யக்கூடிய வேலையே அது?

ரிப்போர்ட் வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலிலை வாசிக்கோணும். அங்கை "இந்தப் பிள்ளைக்கு வகுப்பிலை என்ன செய்யோணும், வீட்டிலை என்ன செய்யோணும்" எண்டு திருத்தமா இல்லையெண்டால், முன்னுக்குக் கிடக்கிற இருபது பக்க நம்பரும் வீண், திருப்பிப் போய்க் கேளுங்கோ, காசு குடுத்திருக்கிறியள். ஸ்கொலஷிப்புக்கு மேலதிக நேரம் போல சலுகை ஏதும் கேக்கிறதெண்டால் அதிபர் மூலம் பரீட்சைத் திணைக்களத்துக்கு வைத்திய அறிக்கையோடை விண்ணப்பிக்கோணும், சோதினைக்கு ஒரு மாசம் இருக்கேக்கை ஓடித்திரிஞ்சு வேலையில்லை, இந்த வருசமே அதிபரிட்டைக் கதையுங்கோ. மற்றது தங்கச்சி, ஸ்கொலஷிப் பாஸ் பண்ணாமல் ஏ.எல் எடுத்து கம்பஸ் போன பிள்ளையள் எங்கட ஊரிலை தெருவுக்குத் தெரு இருக்கினம்.

கேள்வி: போனிலை புத்தி அளக்கிற ஐக்கியூ ரெஸ்ட் ஒண்டு செய்தனாங்கள், மகளுக்கு 134 வந்தது. பள்ளிக்கூடத்திலை சொல்லி மேல் வகுப்புக்கு விடச் சொல்லலாமோ? – ஒரு தகப்பன், சாவகச்சேரி

பதில்: இருபது கேள்விக்குப் பிறகு "சேர்ட்டிபிக்கட் வேணுமெண்டால் காசு கட்டுங்கோ" எண்டு வந்திருக்குமே? நீங்களும் ஒருக்கால் செய்து பாருங்கோ, உங்களுக்கும் 134 வரும். பிள்ளை கெட்டிக்காரி எண்டால் சந்தோசம், வாசிக்கப் புத்தகம் வாங்கிக் குடுங்கோ.

கேள்வி: நாங்கள் மண்ணிலை விரலாலை எழுதிப் படிச்சனாங்கள், வாத்தியார் பிரம்பாலை ரெண்டு போட்டால் எழுத்து தானா வந்தது. இப்ப வாசிக்க வராட்டி டிஸ்லெக்சியா, கவனம் நிக்காட்டி ஏடிஎச்டி எண்டு வெளிநாட்டு வருத்தமெல்லாம் எங்கட பிள்ளையளுக்கு ஒட்டுறியளே, இது புதுசா வந்த பஷன் இல்லையோ? – ஒரு பேரன்ர அப்பப்பா, நல்லூர்

பதில்: ஐயா, புதுசில்லை, நீங்கள் பிறக்க முதலே வந்தது. 1896 இலை இங்கிலாந்திலை பிரிங்கிள் மோர்கன் எண்ட டொக்டர் 14 வயசுப் பெடியன் ஒருத்தனைப் பற்றி எழுதினவர், பெடியன் கணக்கிலை நல்ல சூரன், வாசிக்க மட்டும் வராது, பாடம் எல்லாம் வாயாலையே நடந்தால் பள்ளிக்கூடத்திலையே இவன்தான் கெட்டிக்காரன் எண்டு அவன்ர வாத்தியாரே சொல்லியிருக்கிறார். அதே வருசம் அமெரிக்காவிலை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திலை லைட்னர் விட்மர் எண்டவர் பிள்ளையளுக்கு எண்டு உளவியல் கிளினிக் திறந்தார், அவரிட்டை முதல் வந்ததும் எழுத்துக்கூட்டத் தெரியாத ஒரு பெடியன்தான், கூட்டிக்கொண்டு போனது ஒரு ரீச்சர்.

புத்தி அளக்கிற ரெஸ்டும் அப்பிடித்தான். பரிசிலை அல்பிரட் பினே 1905 இலை, கூட்டாளி சிமோனோடை சேர்ந்து 30 கேள்வியோடை ஒண்டு செய்தவர். ஆரைப் பள்ளிக்கூடத்தாலை கலைக்கலாம் எண்டு பாக்கிறதுக்கில்லை, ஆருக்குக் கூட உதவி வேணும் எண்டு கண்டுபிடிக்கிறதுக்கு. பிறந்த புத்தி பிறந்தபடியே இருக்கும் எண்ட கதையை அவர் ஒத்துக்கொள்ளேல்லை. அவர் 1911 இலை செத்துப்போக, அடுத்த வருசம் ஜேர்மனியிலை ஸ்டேர்ன் எண்டவர் புத்தியின்ர வயசைப் பிள்ளையின்ர உண்மை வயசாலை பிரிக்கிற கணக்கைச் சொல்ல, 1916 இலை அமெரிக்காவிலை டேர்மன் அதைத் தங்கட நாட்டுக்கு மாத்தி ஐக்கியூ எண்டு ஊர் முழுக்கப் பரப்ப, உதவிக்கு எண்டு செய்த சாமான் ஆக்களைத் தரம் பிரிக்கிற சாமானாப் போச்சு. உங்களுக்கு இதிலை சந்தேகம் வாறது நியாயம், எனக்கும் இருக்கு.

ஆனால் பிரம்பிலை நான் உங்களோடை இல்லை ஐயா. ஏன் எண்டு சொல்லுறன். சண்டையாலை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட 1995 இடப்பெயர்வு முடிஞ்சு திரும்பி வந்து நான் படிப்பிக்கத் தொடங்கின புதுசு, வகுப்பிலை ஒரு பெடியன், கூப்பிட்டால் திரும்பான், சொன்னதைச் செய்யான், கொப்பி அரைவாசி வெறுமை. தவணை ரிப்போர்ட்டிலை நான் என்ர கையாலை "கவனமில்லை, பஞ்சி" எண்டு எழுதினன். எழுதினது மட்டுமில்லை, ரெண்டு தரம் அடிச்சும் இருக்கிறன். எப்பவும் தலையை வலப்பக்கம் சரிச்சுக்கொண்டு இருப்பான், அதையும் நான் திமிர் எண்டுதான் நினைச்சனான். அடுத்த வருசம் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு நேர்ஸம்மா அவனுக்குப் பின்னாலை நிண்டு கையைத் தட்டிப் பாத்தா, இடப்பக்கம் தட்டேக்கை அவன் அசையேல்லை. ஷெல் விழுந்த நாளிலையிருந்து அந்தக் காது கேக்கிறேல்லையாம், அவன்ர தாய்க்கே தெரியாது. நான் அவனை இருத்தின வாங்கு வலப்பக்கச் சுவரோடை, என்ர மேசை அவனுக்கு இடப்பக்கம். அந்த ரிப்போர்ட்டை நான் பிறகு திருத்திக் குடுத்தனான், அடியைத் திருத்தேலாது.

மண்ணிலை எழுதினனீங்கள் எண்டியளே, அது அருமையான விசயம். விரலாலை தடவி, வாயாலை சத்தம் சொல்லி, கண்ணாலை பாத்து எழுத்துப் படிக்கிறதைத்தான் இப்ப வெளிநாட்டிலை வாசிப்புக் கஷ்டம் உள்ள பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கினம், தட்டிலை மண் போட்டு. பேரனுக்குப் பிரம்பை விட்டிட்டு மண்ணை மட்டும் குடுங்கோ.

கேள்வி: நான் படிப்பிக்கத் தொடங்கி மூண்டு வருசம், தரம் 3, வகுப்பிலை 36 பிள்ளையள். நாலு பேருக்கு வாசிப்பு வரேல்லை. எங்கட பள்ளிக்கூடத்துக்குச் சைக்கோலஜிஸ்ட் ஒருத்தரும் வாறேல்லை, வலயக் கல்விக் கந்தோருக்கு எழுதியும் மறுமொழி இல்லை. நான் என்ன செய்யலாம்? – ஒரு ரீச்சர், நெல்லியடி

பதில்: பிள்ளை, 36 பேரை வைச்சுக்கொண்டு நாலு பேரைக் கவனிச்சீரே, அதிலையே பாதி வேலை முடிஞ்சுது. ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கும். நாலு பேருக்கும் பிரிச்சு, திகதி போட்டு, என்ன வாசிக்கக் குடுத்தன், எந்த எழுத்திலை நிண்டவன், எத்தினை நிமிசம் எடுத்தவன் எண்டு எழுதும், அபிப்பிராயம் எழுதாதேயும், "கவனமில்லை" எண்டு எழுதினால் அது உம்மட கோவம், "கொம்பு எழுத்து ஐஞ்சிலை நாலு பிழை" எண்டு எழுதினால் அது தகவல். கிழமையிலை மூண்டு நாள், பத்து நிமிசம், நாலு பேரையும் ஒண்டா இருத்தி எழுத்தும் சத்தமும் மட்டும். "பட்டம்" எண்டு சொல்லி முதல் சத்தம் என்ன எண்டு கேட்டுப் பாரும், "ப" வை எடுத்திட்டு "க" போட்டால் என்ன வரும் எண்டு கேட்டுப் பாரும், எழுதத் தெரியாத பிள்ளையும் காதாலை செய்யலாம், அது ஏலாத பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் பிறகு எழுத்தும் சிக்கல்.

எட்டுக் கிழமை பாரும். ரெண்டு பேர் எழும்பிடுவினம், அவைக்கு வேறை ஒண்டுமில்லை, முந்தி ஒழுங்காச் சொல்லிக் குடுபடேல்லை, வரவு குறைவு, வீட்டிலை புத்தகம் இல்லை, அப்பிடி ஏதும். எழும்பாத பிள்ளையைத்தான் அசெஸ்மென்டுக்கு அனுப்போணும், கொப்பியோடை. அமெரிக்காவிலை 2004 இலை சட்டத்திலையே இப்பிடி ஒரு வழியைச் சேர்த்தவை, சும்மா ஐக்கியூவுக்கும் மார்க்ஸுக்கும் வித்தியாசம் பாத்துக்கொண்டு பிள்ளை விழும்வரைக்கும் காத்திருக்காமல், முதலிலை சொல்லிக் குடுத்துப் பார், என்ன மாற்றம் வருது எண்டு பார் எண்டு. ரெண்டு மணித்தியாலம் பிள்ளையைப் பாக்கிற உளவியலாளருக்கு உம்மட எட்டுக் கிழமைக் கொப்பி தங்கம்.

இன்னொண்டு, கணக்குச் சோதினையிலை வசனக் கணக்கு பிழைக்கிற பிள்ளைக்கு அதே கணக்கை நீர் வாசிச்சுக் காட்டும். விடை சரியா வந்தால் பிரச்சினை கணக்கிலை இல்லை எண்டு அந்த நிமிசமே தெரிஞ்சுபோம்.

கேள்வி: நான் ஏ.எல் கலைப்பிரிவு. பள்ளிக்கூட சைக்கோலஜிஸ்ட் ஆக விருப்பம். வேலை கிடைக்குமோ? – மாணவி, மானிப்பாய்

பதில்: நேராச் சொல்லுறன், எங்கட அரச பள்ளிக்கூடங்களிலை நீங்கள் சொல்லுற பேரிலை ஒரு கதிரை இப்போதைக்கு இல்லை, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர்தான் இருக்கினம், அவைக்கும் பாதி நேரம் வராத ரீச்சரின்ர பாடத்தைப் பாக்கச் சொல்லிப்போடுவினம். அமெரிக்காவிலை பட்டத்துக்கு மேலை மூண்டு வருசம் அளவிலை படிச்சு, 1200 மணித்தியாலம் பயிற்சியும் செய்யோணும், 500 பிள்ளைக்கு ஒருத்தர் இருக்கோணும் எண்டு அவையின்ர சங்கம் சொல்லுது, அங்கையே அந்தளவுக்கு ஆள் இல்லை. இங்கிலாந்திலை மூண்டு வருசக் கலாநிதிப் படிப்பு. இஞ்சை எண்டால் உளவியலிலை ஒரு பட்டம், அதோடை படிப்பிச்ச அனுபவம், பிறகு மேற்படிப்பு எண்டு போறது நல்லது, வகுப்பறையிலை நிக்காத ஆள் எழுதுற ரிப்போர்ட் எனக்கு எப்பவும் ஒரு மாதிரித்தான் இருக்கும். தமிழிலை ரெஸ்ட் செய்ய, தமிழ்ப் பிள்ளையளின்ர அளவு எடுக்க ஆள் வேணும், அந்த வேலை அப்பிடியே கிடக்கு. வாங்கோ.

கேள்வி: ரிப்போர்ட்டிலை என்ன இருக்கு எண்டு பிள்ளைக்குச் சொல்லலாமோ, மறைக்கோணுமோ? – ஒரு தாய், சுன்னாகம்

பதில்: சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தன்னிலை ஏதோ பிழை இருக்கு எண்டு உங்களுக்குத் தெரிய முதலே தெரியும், பேர்தான் தெரியாது, பேர் தெரியாட்டி அதுவே தனக்கு "மொக்கு" எண்டு பேர் வைச்சிடும். நம்பரைச் சொல்லாதேங்கோ, எது லேசு எது கஷ்டம் எண்டு மட்டும் சொல்லுங்கோ. போன வருசம் ஒரு பெடியனுக்கு நான் அரை மணித்தியாலம் இருந்து விளங்கப்படுத்தினன், உனக்குக் கேட்டு விளங்கிறது நல்லா வரும், எழுத்துப் பிடிபட மற்றவையை விடக் கூட நேரம் எடுக்கும், அது உன்ர பிழை இல்லை, இனி நாங்கள் வேறை மாதிரிப் படிப்பம் எண்டு. தலையை ஆட்டி ஆட்டி வடிவாக் கேட்டான். முடிய, தாயைப் பாத்து அவன் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப அம்மா, இண்டைக்கு ரியூசன் இல்லைத்தானே?"